ஒரு கோடி சுத்து

இல்லீங்க, பையை மேல வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டுமுங்க. கனமொண்ணும் கிடையாது, உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடுதான் இருக்குது. கண்ணாடி இல்லீங்க, கூடு மட்டும். அதுக்குள்ள இருக்கறது வேற. சொல்றனுங்க. காந்திபுரத்துல இருந்து இப்பத்தான கெளம்பியிருக்குது, அவிநாசி போறதுக்கே இன்னும் நேரமாகும்.

நீங்க சேலம் வரைக்குமுங்களா? நல்லது. நான் லட்சுமி நகர்ல எறங்கிக்குவேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸு புடிச்சு பவானி கூடுதுறை. அட, அப்படிப் பாக்காதீங்க, ஆரும் சாகலை. ஒரு சாமானை ஆத்துல போடணும், அவ்வளவுதான். குப்பையில வீசற சாமானில்லை. குங்குமம் பட்ட சாமான். அதைக் குப்பையில போடலாமுங்களா? நீங்களே சொல்லுங்க.

என்ர பேரு சென்னியப்பனுங்க. இங்க ஒரு இன்ஜினியரிங் காலேஜுல லேப் டெக்னீஷியன். காலேஜு பேரு வேண்டாம், சொன்னா நாளைக்கு அதுக்கும் ஒரு விசாரணை வெப்பாங்க. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது. எங்க லேப்ல என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, ஒடைக்கறது. சிரிக்காதீங்க, நெசமாத்தான். கம்பியை ரெண்டு பக்கமும் கவ்விப் புடிச்சு அந்து போற வரைக்கும் இழுக்கறது ஒரு மிஷினு. சுத்தியலை வீசி ஒரே அடியில முறிக்கறது இன்னொண்ணு. எத்தனை எடைக்கு அந்துச்சு, எந்த எடத்துல முறிஞ்சுது, எல்லாம் நோட்டுல எழுதணும். இரும்பு எவ்வளவு தாங்கும்னு அப்படித்தானுங்க கண்டுபுடிக்கறது. நீங்க இப்ப உக்காந்திருக்கற இந்த பஸ்ஸோட அச்சு இருக்குது பாருங்க, அது முறியாம ஓடுதுன்னா, எங்கயோ என்னையாட்ட ஒருத்தன் நூறு அச்சை முறிச்சுப் பாத்திருக்கறான்னு அர்த்தம்.

வெள்ளிக்கெழமை ஆச்சுன்னா காலையில எட்டு மணிக்கே போயிருவேன். தரையைக் கூட்டி, எல்லா மிஷினுக்கும் சந்தனம், அதுக்கு மேல குங்குமம். இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு வெள்ளி தவறுனதில்லை. என்ர பொண்ணு கல்யாணத்தன்னைக்கு மட்டும் பியூனு வெச்சாரு. கடைக் குங்குமம் இல்லீங்க. கடையில விக்கறதெல்லாம் சாயம். எங்கூட்டுக்காரியே பண்ணுவா. நல்ல ஈரோட்டு மஞ்சளு, எலுமிச்சம்பழச் சாறு, சுண்ணாம்பு, அவ்வளவுதான். நெத்தியில வெச்சா ரெண்டு நாளைக்குப் போகாது. அவ்வளவு சுத்தம்.

இப்பக் கதைக்கு வர்றேன். பூங்கோதைன்னு ஒரு மேடமுங்க. தருமபுரிப் பக்கம். எங்க காலேஜுலயே பாடம் நடத்திக்கிட்டு, அங்கயே பி.எச்.டி. பண்ணுச்சு. இப்பச் சேலத்துல வேற காலேஜுக்குப் போயிருச்சு. என்ன ஆராய்ச்சின்னா, அலுமினியத்துல உமிச் சாம்பலைக் கலக்கறது. ஆமாங்க, நெல்லு மில்லுல மலையாட்டக் குவிச்சு வெப்பாங்களே, அந்த உமியை எரிச்ச சாம்பல்தான். அதை உருக்குன அலுமினியத்துல கலந்தா, கனம் கம்மியா, கெட்டியா வரும்னு அந்தம்மாவோட கணக்கு. இதை மனசுல வெச்சுக்கங்க. சாம்பலைக் கலந்தது அவிய. நான் வெச்சது ஒரு பொட்டு.

அந்த அலுமினியத்தை எங்க சுத்தற மிஷின்ல போட்டுப் பாக்கணும். சின்னப் பீஸுங்க, நம்ம நடு வெரல் நீளம். நடுவுல இடுப்பாட்ட ஒடுங்கியிருக்கும். ஒரு பக்கம் எடையைத் தொங்க விட்டுட்டு, நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து சுத்த விடணும். ஒரு கம்பியை இங்கயும் அங்கயும் வளைச்சு வளைச்சு முறிக்கறோமில்லீங்களா, அதுதான். ஒரு தடவை வளைச்சா ஒண்ணும் ஆகாது. லட்சம் தடவை வளைச்சா அதுக்கும் சலிச்சுப் போகும். சலிச்சு ஒடையும். ஒரு கோடி சுத்து ஒடையாம நின்னுச்சுன்னா அது பாஸு. கணக்குப் போட்டா ரெண்டு நாளு ஏழரை மணி நேரம், நிக்காம சுத்தணும். அப்படிப் பத்துப் பீஸு நின்னாத்தான் மேடத்துக்குப் பட்டம்.

ஏழு வருஷமுங்க அந்தம்மா அதுல கெடந்தது. ரெண்டு தடவை டைம் நீட்டி வாங்கிருச்சு, மூணாவது தடவை தர மாட்டாங்க. பங்குனி முடியறதுக்குள்ள ரிப்போர்ட்டைக் குடுக்கலைன்னா ரிஜிஸ்ட்ரேஷனே ரத்து. ஏழு வருஷமும் ஆத்துல கரைச்ச புளி. ஆவணியில முதல் செட்டு பன்னண்டு பீஸு வந்துச்சு. ஒவ்வொரு பீஸையும் ரெண்டு நாளு உக்காந்து தேய்ச்சாங்க. முரட்டு எமரித் தாளு, அப்பறம் சன்னமான தாளு, அப்பறம் பசை. முகம் பாக்கலாமுங்க அதுல. ஒரு கீறல் இருந்தாலும் அங்கிருந்துதான் ஒடையும்னு சொல்லி, பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாங்க. தேய்ச்சு முடிச்சு, பஞ்சு போட்ட பெட்டியில அடுக்கி, என்ர கையில குடுத்தாங்க. "அண்ணா, உங்களை நம்பித்தான் வெச்சுட்டுப் போறேன்"னாங்க. நான் பூட்டி, சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன்.

இப்ப ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இருபத்திரெண்டு வருஷமா என்ர கைக்கு வந்த பீஸெல்லாம் ஒடைக்கறதுக்குன்னே வந்தது. அதுக்கெல்லாம் நான் பொட்டு வெச்சதில்லை. பலி குடுக்கற ஆடாட்ட, வந்துச்சு, போச்சு. இது ஒண்ணுதானுங்க ஒடையக் கூடாதுன்னு வந்தது. அதுவும் ஒரு பொம்பளைப் புள்ளையோட ஏழு வருஷத்தைச் சுமந்துக்கிட்டு வந்தது. மிஷினுக்கு வெச்சுட்டு, சுத்தப் போற பீஸை விட முடியுமுங்களா? வெள்ளிக்கெழமை பெட்டியைத் தொறந்து, பன்னண்டுக்கும் வெச்சேன். ஒவ்வொண்ணுக்கும் சரியா இடுப்புல. எங்க ஒடையுமோ அங்கதான காப்பு வேணும்?

மேடத்துக்கிட்ட சொல்லலை. சொல்றதுக்கு என்ன இருக்குது? சாமி காரியத்தை வெளிய சொல்லக் கூடாது. மிஷின்ல மாட்டறதுக்கு முன்னால ஈரத் துணியில நல்லாத் துடைச்சுத்தான் குடுப்பேன். லேசா ஒரு நெழலாட்டக் கறை நிக்கும், அவ்வளவுதான். உத்துப் பாத்தாத்தான் தெரியும்.

முதப் பீஸு சனிக்கெழமையே போட்டோம். அறுபத்திரெண்டு லட்சம் சுத்துல ஒடைஞ்சுது. மேடம், "பரவாயில்லைண்ணா, முதல் பீஸுதான"ன்னாங்க. ரெண்டாவது நாப்பத்தியொண்ணு. மூணாவது முப்பது. அப்பறம் பதினெட்டு. அப்பறம் ஒம்பது. பாத்தீங்களா, எறங்கிக்கிட்டே வருது. பன்னண்டாவது பீஸு, அதுதான் ஒரு மாசத்துக்கு மேல பெட்டியில பொட்டோட இருந்தது, நாலு வெள்ளி நான் பொட்டு மாத்தியிருப்பேன், அதிகமா பூஜை கண்ட பீஸே அதுதான், அது ரெண்டு லட்சத்துல போயிருச்சு. காலையில ஒம்பதுக்குப் போட்டது, பத்து மணி டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள டக்குன்னு நின்னுருச்சு. எனக்கு வயித்தெரிச்சலுங்க. இத்தனை பூஜை பண்ணியும் இப்படி ஒடைஞ்சா, மனுஷன் என்னதான் பண்றது?

நான் சும்மா இருக்கலை. மிஷினு அடிபோல்ட்டை எல்லாம் கழட்டி முடுக்குனேன். கரண்ட்டு ஏறி எறங்குதுன்னு எலக்ட்ரீஷியனைக் கூப்புட்டுச் சண்டை போட்டேன். எங்க எச்.ஓ.டி. சதானந்தம் சாரு, அவருதான் மேடத்துக்கு கைடு, அவரு பீஸு கடைஞ்ச கம்பியே சரியில்லைன்னுட்டாரு. கம்பி வார்த்துக் குடுத்த ஃபவுண்டரிக்காரரைக் கூப்புட்டு எல்லாரு முன்னாலயும் கிழிச்சுட்டாரு. அந்த மனுஷன் மறுபடியும் உருக்கி, மறுபடியும் வார்த்து, இன்னொரு பன்னண்டு கம்பி கொண்டுவந்து வெச்சாரு. மேடம் மறுபடியும் தேய்ச்சாங்க. வெரல் நுனியெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு, பேண்டேஜ் சுத்திக்கிட்டுத் தேய்ச்சாங்க. பாக்கவே பாவமா இருந்துச்சுங்க. அதுல பாருங்க, எனக்கு ஒரு வீறாப்பு வந்துருச்சு. இந்தத் தடவை எப்படி ஒடையுதுன்னு பாத்தர்றேன்னு, ஒரு பக்கம் வெச்ச பொட்டை நாலு பக்கமும் வெச்சேன். சுத்தற சாமானுக்கு ஒரு பக்கம் காப்பு இருந்தா எப்படிப் போதும்?

ரெண்டாவது செட்டுல போட்டுப் பாத்த ஒம்பதுல ஒண்ணுகூட அஞ்சு லட்சம் தாண்டலை.

மேடம் அன்னைக்கு லேப்ல ஸ்டூல்லயே உக்காந்திருந்தாங்க. மார்கழி பொறந்துருச்சு. நான் போயி ஒரு டீ வாங்கிட்டு வந்து வெச்சேன். ஆறிப் போச்சு. கடைசியில, "அண்ணா, நான் ஊருக்கே போயிடட்டுமா?"ன்னு கேட்டாங்க. என்ர பொண்ணு கேட்டாப்புல இருந்துச்சு. மனசுக்குள்ள சாமியைத் திட்டுனனுங்க. உனக்கு என்ன கொறை வெச்சேன்னு.

அதுக்கப்பறம் மேடம் ஒடைஞ்ச பீஸை எடுத்துக்கிட்டு வேற ஒரு ஊர்ல இருக்கற பெரிய மைக்ராஸ்கோப்புல போயிப் பாத்துட்டு வந்தாங்க. போட்டோ காட்டுனாங்க. ஒடைஞ்ச வாயில, ஓரத்துல, அம்மைத் தழும்பாட்ட ஒரு குழி. எல்லாப் பீஸுலயும் அப்படி ஒரு குழி. அங்கிருந்துதான் வெடிப்பு கெளம்பியிருக்குது. அந்தக் குழியில என்ன இருக்குதுன்னும் அந்த மைக்ராஸ்கோப்பே சொல்லுமாமா. சுண்ணாம்புச் சத்து இருக்குதுன்னு சொல்லிருச்சு. அலுமினியத்துல சுண்ணாம்பு கிடையாது. உமிச் சாம்பல்லயும் இத்தனை கிடையாது. "அண்ணா, லேப்ல சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். "தண்ணித் தொட்டிக்குப் போட்டாங்களா?" இல்லீங்கன்னேன். நான் பொய் சொல்லலை பாருங்க. கேட்டதுக்குச் சரியாத்தான பதில் சொன்னேன்?

அடுத்த வெள்ளிக்கெழமை. எட்டு மணிக்குப் பெட்டியைத் தொறந்து வெச்சுக்கிட்டு, மிச்சமிருந்த மூணு பீஸுக்குப் பொட்டு வெச்சுக்கிட்டிருக்கறேன். திரும்பிப் பாத்தா மேடம் வாசல்ல நிக்கறாங்க. எப்ப வந்தாங்களோ. என்ர மோதர வெரல் செவப்பா இருக்குது. பீஸு கையில இருக்குது.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம், வெள்ளிக்கெழமைங்களே."

"எத்தனை நாளா?"

"முதல்ல இருந்தே வெக்கறனுங்களே."

"அதுல என்ன இருக்கு? சொல்லுங்கண்ணா, அந்தக் குங்குமத்துல என்ன போடுவாங்க?"

பெருமையாத்தானுங்க சொன்னேன். மஞ்சளு, எலுமிச்சம்பழம், சுண்ணாம்பு. சொல்லி வாயை மூடல, அந்தம்மா கத்துச்சு பாருங்க! "ஏழு வருஷம்ணா! ஏழு வருஷம்!" இதையே சொல்லுது. வேற ஒரு வார்த்தை வரலை. எலுமிச்சம்பழமும் சுண்ணாம்பும் அலுமினியத்தை அரிச்சுருமாமா. ஈரப் பொட்டை வாரக்கணக்குல வெச்சா குழி விழுந்துருமாமா. துடைச்சாலும் குழி போகாதாமா. இருபத்திரெண்டு வருஷத்துல என்னைய ஒருத்தரு அப்படிக் கத்துனதில்லை. என்ர முகத்துக்கு நேரா. சாமி குங்குமத்தைப் பாத்து அரிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா? எத்தனை கோடிப் பேரு நெத்தியில வெக்கறாங்க, ஆருக்காவது நெத்தியில குழி விழுந்திருக்குதா?

நான் அதையே கேட்டேன். மேடம் என்னையப் பாத்தாங்க, அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

அன்னைக்கு வீட்டுல வந்து எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். இந்தக் கொடுமையைக் கேளு புள்ளே, குங்குமம் அலுமினியத்தை அரிக்குமாமா, படிச்சவிய பேசற பேச்சான்னு. அவ தாளிச்சுக்கிட்டு இருந்தவ திரும்பிப் பாத்துட்டு, "அப்பறம் எலுமிச்சஞ்சோத்தை மட்டும் உங்களுக்கு ஏன் எவர்சில்வர் தூக்குப் போசியில கட்டித் தர்றேன்னு நெனச்சீங்க?"ன்னா. அவ்வளவுதான். மறுபடியும் தாளிக்கத் திரும்பிட்டா. பொம்பளைங்க பொம்பளைங்களுக்குத்தான் பேசுவாங்க. விட்டுட்டேன்.

பெருமாநல்லூர் தாண்டிருச்சுங்களா? காத்து வருது, அந்த ஜன்னலைச் சித்தச் சாத்துங்க. போதுமுங்க.

இதுக்கு மேலதான் விஷயமே. அந்த ஃபவுண்டரிக்காரரு தாளாளர்கிட்டப் போயிட்டாரு. என்ர கம்பியில குத்தமில்லை, ரெண்டு எடத்துல சோதிச்சுட்டேன், உங்க லேப்லதான் எவனோ கை வெச்சிருக்கறான், கண்டுபுடிங்கன்னு. தாளாளர் விசாரணை வெச்சுட்டாரு. ஆரு கை வெச்சதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு. பீஸைத் தொட்டவிய எல்லாரும் எழுதிக் குடுக்கணும். நான் எழுதிக் குடுத்தேன், எனக்கொண்ணும் தெரியாதுங்கன்னு. எனக்கு என்ன தெரியும்? மேடம் வந்து, "என்ன எழுதுனீங்கண்ணா?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "சரி, அதுவே இருக்கட்டும்"னாங்க.

மறுநாளு விசாரணையில அந்தம்மா என்ன சொல்லுச்சுன்னு நெனைக்கறீங்க? பீஸைத் தொட்டது தானொருத்திதான், பெட்டிச் சாவி தன்கிட்டத்தான் இருந்துச்சு, கையைச் சுத்தம் பண்ணாம எடுத்தது தன்னோட கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருச்சு! பொய்யுங்க! பச்சைப் பொய்! சாவி என்ர இடுப்புல இருந்துச்சு. இருபத்திரெண்டு வருஷமா அந்த லேப்ல எந்தச் சாவியும் என்ர இடுப்பை விட்டுப் போனதில்லை. எல்லாரு முன்னாலயும் சாவி இவன்கிட்ட இல்லைன்னு சொன்னா, என்ர மரியாதை என்ன ஆகறது? நான் எந்திரிச்சுச் சொல்லப் போனேன். மேடம் ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, உக்காந்துட்டேன்.

மெமோ குடுத்தாங்க மேடத்துக்கு. எச்.ஓ.டி. சாரு போற எடமெல்லாம், "கை கழுவத் தெரியாதவங்க எல்லாம் பி.எச்.டி. பண்ண வந்துட்டாங்க"ன்னு பேசுனாரு. ஸ்டாஃப் ரூம்ல பக்கத்துல உக்காந்து சாப்புடக்கூட ஆளில்லை. அதுக்கு நான் என்ன பண்றது? அவியளே எழுதிக் குடுத்தது. அப்ப அவிய கைதான காரணம்? அப்பறம் எதுக்கு என்னையக் கத்தணும்? இதை எங்கூட்டுலயும் கேட்டேன். "அந்தப் புள்ளே ஏன் அப்படி எழுதிக் குடுத்துச்சு, அதை மொதல்ல யோசிங்க"ன்னா. அதுக்கப்பறம் எங்கூட்டுல குங்குமம் பண்றதில்லை. கேட்டா மஞ்சளு நல்லதா கெடைக்கலைங்கறா. ஈரோட்டுக்குப் பக்கத்துல பொறந்தவ, மஞ்சளு கெடைக்கலையாமா.

மூணாவது செட்டு. தை மாசம். சாவியை வாங்கிக்கிட்டாங்க. கையுறை போட்டுக்கிட்டு அவியளே எடுத்து, அவியளே மாட்டி, எல்லாம் அவிய. நான் வாசப்படியில நிக்கறேன். என்ர லேப்ல நான் வெளியாளு. எப்படி இருக்குமுங்க? சொல்லுங்க. ரெண்டு நாளு ராத்திரியில எனக்குத் தூக்கமில்லை. உள்ள போகலை, தொடலை, வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான். திங்கக்கெழமை காலையில ஒம்பது மணிக்குப் போட்டது. புதன்கெழமை சாயங்காலம் நாலே கால் இருக்கும், நான் ஸ்டோர்ல இருக்கறேன், மேடம் ஓடி வர்றாங்க. செருப்புக்கூடப் போடலை.

"அண்ணா, வாங்க! சீக்கிரம் வாங்க! நீங்க பாக்கணும்."

போனேன். சுத்தை எண்ணற கவுண்டர்ல தொண்ணூத்தொம்பது லட்சத்துச் சில்லறை ஓடுது. ரெண்டு பேரும் நின்னு பாத்தோமுங்க. மிஷினு மட்டும் ஒரே சீரா உறுமுது. ஒம்பதா வரிசையா வந்து நின்னு, அப்படியே உருண்டு எல்லாம் சைபரா, முன்னால ஒரு ஒண்ணு. ஒரு கோடி. பீஸு சுத்திக்கிட்டே இருக்குது, ஒண்ணுமே நடக்காதாட்ட. மேடம் முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்ல மாட்டேன். என்ர வாழ்நாளுல அந்த லேப்ல ஒடையாத பீஸைப் பாத்து அழுதது அன்னைக்குத்தான். பத்தும் நின்னுச்சுங்க. பத்தும். வாசல்ல நின்னு கும்பிட்டதுக்கே இந்தப் பலன்னா பாத்துக்கங்க.

பங்குனி இருபத்தஞ்சுக்கு ரிப்போர்ட்டு போயிருச்சு. பட்டமும் வந்துருச்சு. அந்தப் புஸ்தகம் ஒண்ணு லைப்ரரிக்கு வந்துச்சு. தடியா, மெரூன் கலர் அட்டை. போயி எடுத்துப் பாத்தேன். முன்னால நன்றின்னு ஒரு பக்கம் போடுவாங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எச்.ஓ.டி. சதானந்தம் பேரு இருக்குது. தாளாளர் பேரு இருக்குது. ஃபவுண்டரிக்காரரு, மைக்ராஸ்கோப்புக்காரரு, லைப்ரரிம்மா, ஹாஸ்டல் வார்டன், எல்லாரும் இருக்கறாங்க. டைப் அடிச்ச கடைக்காரன் பேரு இருக்குதுங்க! சென்னியப்பன் இல்லை. மூணு தடவை படிச்சேன். இல்லை. ஏழு வருஷம் அந்தம்மாவுக்கு மிஷினு ஓட்டுனவன், எண்ணெய் விட்டவன், டீ வாங்கிட்டு வந்து வெச்சவன், அவன் பேரு இல்லை. உள்ள தேடுனேன். முதல் ரெண்டு செட்டைப் பத்தி ஒரு பத்தி இருக்குது. ஆராய்ச்சி பண்ணுனவங்களோட கவனக்குறைவுல மாசு பட்டதால அந்த இருபத்துநாலு பீஸையும் கணக்குல சேக்கலைன்னு. அங்கயும் நான் இல்லை. அந்தப் புஸ்தகத்துல அப்படி ஒரு ஆளே கிடையாது.

இதாவது போகட்டும். சேலத்துக்குப் போறதுக்கு முந்துன நாளு எல்லாருக்கும் ஸ்வீட்டு குடுத்தாங்க, பேனா குடுத்தாங்க. எனக்கு மட்டும் ஒண்ணுமில்லை. சாயங்காலம் ஆரும் இல்லாதப்ப லேப்புக்கு வந்து, கைப்பையில இருந்து இந்தக் கண்ணாடிக் கூட்டை எடுத்து என்ர கையில வெச்சாங்க. "அண்ணா, ஒடைஞ்சதெல்லாம் உருக்கறதுக்குப் போயிருச்சு. குறி இருக்கறது இது ஒண்ணுதான் மிச்சம். ரெக்கார்டுல இருந்து எடுத்துட்டேன். உங்ககிட்டயே இருக்கட்டும், வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க"ன்னாங்க. இருங்க, காட்டறேன். பாருங்க. ரெண்டு துண்டு. ஒடைஞ்ச வாயிலயே செவப்பா ஒரு சொட்டு தெரியுதுங்களா? வெளிச்சத்துல திருப்புங்க. ஆங், அதுதான். இதைப் போயி ஒரு மனுஷனுக்குக் குடுப்பாங்களா? ஊருக்கெல்லாம் பேனா, எனக்கு ஒடைஞ்ச பீஸு. ஆறு மாசமா பீரோவுல வெச்சுப் பாத்துட்டேன். பீரோவைத் தொறக்கறப்பல்லாம் கண்ணுல படுது. குத்துது. அதான் ஆத்துல போட்டுட்டுத் தலை முழுகலாம்னு கெளம்பிட்டேன்.

ஏன், அதையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?

என்னங்க? பேரைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னா கேக்கறீங்க? என்ன ஆயிருக்கும்? எல்லாரும் படிச்சிருப்பாங்க. சந்தோஷப்பட்டிருப்பேன். எச்.ஓ.டி. படிச்சிருப்பாரு. தாளாளர் படிச்சிருப்பாரு. பீஸையெல்லாம் பத்திரமா வெச்சுப் பாத்துக்கிட்ட சென்னியப்பன்னு போட்டிருந்தா, ஓஹோ, இவனா வெச்சிருந்தான், அப்பச் சாவி இவன்கிட்டத்தான் இருந்துச்சான்னு…

சித்த இருங்க.

வேண்டாமுங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியாததையா சொல்லப் போறீங்க. அந்தக் கூட்டை இப்படிக் குடுங்க. மூடிக் குடுங்க.

இப்ப நான் பீஸுக்குப் பொட்டு வெக்கறதில்லீங்க. மிஷினுக்கு மட்டும்தான். அதுவும் சந்தனம் மட்டும். ஏன்னு ஆரும் கேக்கலை, நானும் சொல்லலை.

பெருந்துறை எப்பவோ போயிருச்சு போல. கண்டக்டரு லட்சுமி நகர் லட்சுமி நகர்னு கத்தறாரு. நீங்க எந்திரிக்க வேண்டாம், காலை மட்டும் மடக்குங்க, நான் அப்படியே…

ஏனுங்க கண்டக்டரு! இங்க பாருங்க. லட்சுமி நகர்னு எடுத்தேன், சேலத்துக்கு நீட்டிக் குடுங்க. ஆமாங்க, ஒண்ணு. எறங்கலை, எறங்கலை, விசிலடிங்க.

அட, எதுக்கா? நல்லாக் கேட்டீங்க. ஏழு வருஷம் கூட இருந்தவன் பேரை ஏன் போடலைன்னு நேர்ல போயிக் கேக்க வேண்டாமுங்களா? கேட்டே ஆகணும். விடறதில்லை.

சேலம் பஸ் ஸ்டாண்டுல நல்ல பழம் கெடைக்குமுங்களா? வெறுங்கையோட போக முடியாதுங்களே. பழம், வெத்தலை, பாக்கு, ஒரு மொழம் பூவு. அது போதுமுங்க. குங்குமம் வேண்டாம்.